‘வணக்கம்’ போட்ட பிறகும் ஓடிய படம்

செவ்வாய்க்கிழமை காலை, வாயில் பற்பசை நுரையோடு நான் நின்றுகொண்டிருந்தபோது சொல்தா அந்துவான் போன் செய்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அந்துவான் காய்கறி விலையைக்கூடப் படைக்கு உத்தரவு போடுகிற குரலில்தான் சொல்வார். அன்றைக்குக் குரல் இறங்கியிருந்தது.

“தலைவரே, பாய் போயிட்டாரு.”

“எந்த பாய்யா?”

“நமக்கு எத்தினி பாய் இருக்காரு?”

ஒரே ஒருவர்தான். ஜமால் பாய். செய்தி கேட்டதும் வங்காள விரிகுடா ஐந்து நிமிடம் அலையடிப்பதை நிறுத்தி வைத்தது. குருசுக்குப்பத்துக் கரையில் நின்று என் கண்ணால் பார்த்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். பாய் இருந்திருந்தால், நம்பியதுபோலத் தலையாட்டியிருப்பார். நான் விட்ட கதைகளுக்கெல்லாம் நாற்பது வருஷம் சலிக்காமல் தலையாட்டிய ஒரே மனிதர் அவர்.

அவரைத் தெரிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். தெரியாதவர்களும் படிக்கக்கூடும் என்பதால் இரண்டு வரி: ஜமாலுதீன் என்கிற ஜமால் பாய், பெரிய மார்க்கெட் பக்கம் கைலிக்கடை வைத்திருந்தவர். வாழ்நாளில் ஒரே ஒரு சினிமா எடுத்தார். கதை, வசனம், இயக்கம், தயாரிப்பு எல்லாம் அவரே. படத்தின் பெயர் ‘சனிக்கிழமைச் சூறாவளி’. அது விழுப்புரத்தில் மூன்று நாள் ஓடியது, கடலூரில் இரண்டு நாள், சேலத்தில் இடைவேளை வரை. புதுச்சேரியில் மட்டும் நூறு நாள். அதில் நாற்பத்தொரு நாள் நான் உள்ளே இருந்தேன். இருபதுதான் என்பாள் என் மனைவி. அப்போது எங்களுக்குக் கல்யாணமே ஆகவில்லை, அவளுக்கென்ன தெரியும்?

படத்தின் கடைசிக் கட்டத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். சூறாவளி நாளில் மீனவன் மாரி கடலுக்குப் போகிறான். படகு கவிழ்கிறது. அவன் மனைவி செல்லம் கரையில் தனியாக நிற்கிறாள். திரையில் ‘வணக்கம்’ என்று எழுத்து விழுகிறது. ஜனங்கள் செருப்பைத் தேடிக்கொண்டு எழுந்திருக்கிறார்கள். அப்போது, ஐயா, அந்த ‘வணக்கம்’ மறைந்து படம் மறுபடி ஓடத் தொடங்குகிறது! குடிசைக் கதவைத் தள்ளிக்கொண்டு மாரி உள்ளே வருகிறான். எப்படித் தப்பித்தான், எங்கே கரையேறினான், ஒரு விளக்கமும் இல்லை. “சோறு இருக்கா?” என்கிறான். அவள் பரிமாறுகிறாள். குழம்பில் உப்பில்லை என்று சண்டை, பிறகு சிரிப்பு. இரண்டாவது கவளத்தை வாயருகே கொண்டுபோகும்போது திரை வெள்ளையாகிறது. அவ்வளவுதான்.

‘வணக்கம்’ போட்ட பிறகு தொடர்கிற படம் உலகத்தில் வேறெங்காவது உண்டா? செத்தவன் வந்து சோறு கேட்கிற காட்சிக்கு எங்கள் தியேட்டரில் எழுந்த சத்தத்தில் பக்கத்து உப்பளம் பகுதியில் உறங்கிய நாய்கள் எழுந்தன. கலங்கரை விளக்கம் ஓர் அங்குலம் சாய்ந்தது. மற்ற ஊர்க்காரர்களுக்கு ரசனை என்பதே கிடையாது என்று அன்றே தீர்மானம் போட்டோம். அகில உலக சனிக்கிழமைச் சூறாவளி ரசிகர் பேரவை அப்படித்தான் உதயமானது. தலைமையகம் உப்பளம், கிளைகள் இல்லை, உறுப்பினர் பதினோரு பேர். தலைவர் அடியேன். எங்கள் ஊர் மேட்டுப்பாளையத்தில் பிளாஸ்டிக் குழாய் செய்யும் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வுபெற்றது என் உபதொழில். செயலாளர் சொல்தா.

வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்கு உப்பளத்தில் ஒரு சின்ன மண்டபத்தை வாடகைக்குப் பிடித்து அந்தப் படத்தைப் போடுவோம். நூறு நாள் ஓடிய பிரிண்ட் பாயிடம் இருந்தது. பிறகு அதிலிருந்தே எடுத்த சிடி. ‘வணக்கம்’ விழும்போது நாங்கள் எல்லோரும் எழுந்து கும்பிட்டுவிட்டு மறுபடி உட்காருவோம். அது எங்கள் மரபு. படம் முடிந்ததும் மாரி எப்படிப் பிழைத்தான் என்பது பற்றி நான் ஓர் உரை ஆற்றுவேன். பதினான்கு கோட்பாடுகள் வைத்திருந்தேன். ஒன்றில் அவன் யாழ்ப்பாணம் வரை நீந்திப் போய் பஸ் பிடித்து வந்தான். நடுவில் கடல் இருக்கிறதே என்று சொல்தா கேட்டதற்கு, அது பாத்திரத்தின் மன உறுதி என்று விளக்கினேன். முடிவில் பாயை இரண்டு வார்த்தை பேசச் சொல்வோம். எழுந்து, “நீங்க பாத்தது நல்ல படம். ரொம்ப சந்தோஷம்,” என்பார். உட்கார்ந்துவிடுவார். எத்தனை அடக்கம் என்று எங்களுக்குப் புல்லரிக்கும்.

கடையில் அவர் வியாபாரம் பண்ணுகிற அழகே தனி. ஒரு தடவை நான் உட்கார்ந்திருந்தபோது ஒரு அம்மாள் கத்தரிப்பூ நிறத்தில் கைலி ஒன்றை எடுத்துப் பிரித்தாள். “அது சாயம் போவும்மா. தெரிஞ்சே எடுத்துக்கிறதுன்னா எடுத்துக்க,” என்றார் பாய். அந்த அம்மாள் வைத்துவிட்டுப் போய்விட்டாள். “இப்புடிப் பேசினா எப்புடி பாய் கடை நடக்கும்?” என்றேன். “தொவைச்ச அன்னிக்கு என்னைத் திட்டுவாங்க தலைவரே. இன்னிக்கே திட்டிட்டுப் போட்டும்,” என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்று அன்று நான் ஊரெல்லாம் சொன்னேன். அவர் எங்களிடம் ஒரு விஷயத்தை எத்தனை காலமாக மூடிவைத்திருந்தார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

இரண்டு வருஷத்துக்கு முன் சென்னையிலிருந்து நிவேதா என்கிற இளம் இயக்குநர் வந்தார். எங்கள் உறுப்பினர் ஒருவர் இணையத்தில் ஏற்றிவைத்த ‘சோறு இருக்கா’ காட்சியைப் பார்த்துவிட்டு, ‘சனிக்கிழமைச் சூறாவளி’யை மறுபடி எடுக்க பாயிடம் சம்மதம் கேட்டார். செய்தி பேரவைக்கு எட்டியது. அவசரக் கூட்டம் கூட்டினேன். உயிர் கொடுத்து நேசிக்கிற ஒரு படத்தை இன்னொருவர் திரும்ப எடுப்பதென்பது, ஒருவன் பெண்டாட்டியைப் போலவே ஒருத்திக்கு வேஷம் கட்டி அவன் வீட்டுக்கு அனுப்புவது என்று முழங்கினேன். புதுசு வந்துவிட்டால் நாளைக்கு ‘சனிக்கிழமைச் சூறாவளி’ என்றதும் பிள்ளைகள் அதைத்தான் நினைப்பார்கள். நம்முடையது ‘பழசு’ ஆகிவிடும். அந்தப் பயம் விளையாட்டில்லை.

ஏழு பேர், ஓர் அட்டை, பாயின் கடை வாசலில் கண்டன ஆர்ப்பாட்டம். நாங்கள் ஒன்பதாவது கோஷத்தில் இருந்தபோது பாய் வெளியே வந்தார்.

“தொண்டை காஞ்சிருக்கும். நன்னாரி சர்பத் சொல்லியிருக்கேன். குடிச்சிட்டுக் கத்துங்க.”

“நாங்க சர்பத்துக்கு மயங்கற கூட்டம் இல்ல பாய்!”

“எனக்கு ரெண்டு,” என்றார் சொல்தா.

“துரோகி” என்று அவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு நானும் ஒன்று குடித்தேன். “பாய், ஒரு மகா காவியத்தை இடிச்சிட்டு அந்த எடத்துல ஃபிளாட் கட்ட உடப் போறீங்களா?” என்று கேட்டேன்.

“படம் இன்னா வீடா தலைவரே, ஒன்ன இடிச்சாதான் இன்னொன்னு கட்ட முடியும்னு? இது இருக்கற எடத்துல இது இருக்கும். பக்கத்துல அது ஒன்னு நிக்கும்.”

“அப்ப கையெழுத்துப் போட்டுட்டீங்களா?”

“இன்னும் இல்ல. நீங்க ஒன்ன பாக்கணும். அதுக்கப்புறம்தான் போடறதா வேணாமான்னு சொல்லுவேன். வர்ற ஞாயித்துக்கிழமை மண்டபத்துக்கு வந்துருங்க.”

நிவேதா சென்னை லேபில் தூங்கிக்கொண்டிருந்த நெகடிவைத் தேடியெடுத்து அதிலிருந்து புதுப் பிரதி ஒன்று எடுத்திருந்தார். அந்த ஞாயிறு அதைத்தான் போட்டார்கள். கண்ணாடி மாதிரி இருந்தது. செல்லத்தின் மூக்குத்தியில் கல் ஒன்று உண்டு என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. முக்கால் படம் வரை எல்லாம் சுகம். பிறகு ஒரு கொடுமை நடந்தது. சூறாவளியே வரவில்லை, அதற்குள் மாரி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, “சோறு இருக்கா?” என்றான்.

“யோவ், அவன் இன்னும் கடலுக்கே போவலய்யா! எங்கிருந்து திரும்பி வர்றான்?” என்று கத்தினார் சொல்தா.

உப்பில்லாத சண்டை, சிரிப்பு, இரண்டாவது கவளம். திரை வெள்ளையாகவில்லை. அவன் அதை விழுங்கினான், கை கழுவினான், வலையை எடுத்துக்கொண்டு போனான். சூறாவளி வந்தது. படகு கவிழ்ந்தது. செல்லம் கரையில் நின்றாள். ‘வணக்கம்’. மரபுப்படி எழுந்து கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தோம். விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

“மீதியப் போடு!” என்று கத்தினோம்.

“அவ்ளோதான் சார்,” என்றார் நிவேதா.

“பாத்தீங்களாய்யா? ரீமேக்க எடுத்தே முடிச்சிட்டாங்க!” என்று சொல்தா குதித்தார். நான் நாற்காலிமேல் ஏறினேன். உலக சினிமா வரலாற்றில் இப்படியொரு படுகொலை நடந்ததில்லை என்றேன். கதையின் உயிரை உருவிவிட்டார்கள், ஒரு மேதையின் முடிவை மாற்ற இந்தப் பெண்ணுக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று கேட்டேன். அந்தப் பிள்ளை என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலாக, கடைசி வரிசையைப் பார்த்தது.

அங்கிருந்து பாய் சொன்னார். “தலைவரே, எறங்குங்க. இதான் நான் எடுத்தது.”

நான் இறங்கினேன். பாய் முன்னால் வந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னதை, என் மிகை எதுவும் கலக்காமல் எழுத முயல்கிறேன்.

எங்கள் ஊருக்கு வந்த பிரிண்டில் கடைசி இரண்டு ரீல் டப்பாக்களிலும் சீட்டு மாறி ஒட்டியிருந்திருக்கிறது. ஆபரேட்டர் சீட்டைப் பார்த்துப் போட்டார். முதல் நாள் முதல் காட்சி. பாய் பின்னால் நின்றுகொண்டிருந்தார். சாப்பாட்டுக் காட்சி வரவேண்டிய இடத்தில் புயல் வந்ததும் பதறிப்போய் ஆபரேட்டர் அறைக்கு மாடிப்படி ஏறியிருக்கிறார். பாதிப் படியில் இருக்கும்போது ‘வணக்கம்’ முடிந்து மாரி வந்துவிட்டான். கீழே அந்தச் சத்தம்.

“படியில ஒரு ஜன்னல் இருந்துது. எட்டிப் பாத்தேன். பொம்பளைங்க பக்கத்துல எங்க அம்மா உக்காந்திருந்தாங்க. எங்க பெரியண்ணன் இருபது வயசுல வியட்நாம் பக்கம் சைகோனுக்குப் போனவரு. மாமா கடையில வேலைக்கு. ரெண்டு வருஷம் கடுதாசி வந்துது. அப்புறம் வரல. ஆளு இன்னா ஆனாருன்னு இன்னி வரைக்கும் தெரியாது. போனவங்க வர மாட்டாங்க, அத ஒத்துக்கணும்னுதான் நான் அந்தக் கதையவே எழுதினேன். அம்மா பாத்து, அழுது, மனசு ஆறட்டும்னு நெனைச்சேன். நான் எட்டிப் பாக்கறப்ப அவங்க பக்கத்துல இருக்கற பொம்பள கையப் புடிச்சிகிட்டு, ‘வந்துட்டான் பாத்தியா, வந்துட்டான் பாத்தியா’ன்னு சிரிச்சிட்டு இருக்காங்க. அதுக்கு மேல படி ஏறிப் போயி இன்னா சொல்லச் சொல்றீங்க? அந்தாளத் தூக்கித் திரும்பக் கடல்ல போடுன்னா?”

காட்சி முடிந்ததும் ஆபரேட்டரிடம், “நாளைக்கும் இப்புடியே போடுங்க,” என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அம்மா இருந்தவரை வருஷா வருஷம் அந்த மண்டபத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். எங்களுக்கு அவர்கள் இயக்குநரின் தாயார், அவ்வளவுதான். நான் மைக்கில் யாழ்ப்பாணத்து பஸ்ஸைப் பற்றி உளறியபோதெல்லாம், அந்த அம்மாள் என்னைவிட நம்பிக்கையோடு கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

“அம்மா போயி பன்னெண்டு வருஷம் ஆவுது. இனிமே சொல்லலாம்னுதான். இந்தப் பொண்ணு எந்தப் படத்த எடுக்கப் போவுதுன்னு அதுக்கும் தெரியணும், உங்களுக்கும் தெரியணும். தலைவரே, திரும்ப எடுக்கக் கூடாதுன்னீங்களே. நீங்க நாப்பது வருஷமா கும்புட்டது நான் எடுத்த படம் இல்ல. சீட்டு ஒட்டினவன் எடுத்தது. அது உங்களுக்கு நல்லாதான இருந்துது?”

இந்த இடத்தில் நான் பெருந்தன்மையோடு அவரைக் கட்டித் தழுவினேன் என்று எழுத ஆசை. எழுத முடியாது. நான் வெளிநடப்புச் செய்தேன். ஏமாந்துவிட்டேன் என்கிற கோபம். பதினான்கு கோட்பாடுகள்! ஒரு பசைச் சீட்டுக்காக! பத்து மாதம் அந்தக் கடைப் பக்கமே போகவில்லை. கைலி வாங்க விழுப்புரம் வரை போனேன். முதல் துவையலிலேயே சாயம் போனது. பாய் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று சொல்தா வந்து சொன்னார். எப்படி முடிக்கட்டும் என்று நிவேதா கேட்டதற்கு, “என்னைக் கேக்காதம்மா. உங்க வீட்ல யாரு வரலன்னு யோசிச்சு முடி,” என்றாராம்.

கோபம் எப்போது வடிந்தது என்று நாள் குறிப்பிட்டுச் சொல்ல முடியாது. ஒரு நாள் மதியம் சோற்றைப் பிசையும்போது, அந்தப் படிக்கட்டில் நிற்கிற ஆளை நினைத்துப் பார்த்தேன். கையிலிருந்ததையெல்லாம் போட்டு, தன் மனசில் இருந்ததை ஒரே ஒரு தடவை படமாக எடுத்தவன். முதல் காட்சியிலேயே அது வேறாகிவிட்டது. சரிசெய்ய இன்னும் எட்டுப் படி. ஏறவில்லை. பிறகு ஒவ்வொரு வருஷமும் தான் எடுக்காத படத்துக்காகக் கைதட்டல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். என் படத்தைப் பாருங்கள் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நானாக இருந்தால் முதல் நாளே தியேட்டரைக் கொளுத்தியிருப்பேன்.

நான் போவதற்குள் அவரே வந்துவிட்டார். வாசலில் செருப்பைக் கழற்றியபடி, “இன்னா தலைவரே, விழுப்புரத்துக் கைலி எப்புடி?” என்றார். சொல்தாவின் வேலை. “புதுப் படம் வெள்ளிக்கிழமை ரிலீஸ். எனக்குத் தொணைக்கு ஆள் வேணும். திட்டறதுன்னாலும் பக்கத்துல உக்காந்து திட்டுங்க.”

போனோம். காலைக் காட்சி. மாரியை வேறொருவர் நடித்தார். எங்கள் மாரியின் மீசையில் கால் பங்குகூட இல்லை. நான் மனசுக்குள் குற்றப்பத்திரிகை தயாரித்துக்கொண்டே வந்தேன். முடிவில் நிவேதா மூன்றாவதாக ஒன்று செய்திருந்தார். செல்லம் கரையில் நிற்கவில்லை. மாரி திரும்பியும் வரவில்லை. அவள் இன்னொரு படகைத் தள்ளிக்கொண்டு தானே தேடப் போகிறாள். அவள் துடுப்புச் சத்தத்தோடு படம் முடிகிறது.

விளக்கு வந்தது. என் வாயில் ஒரு மகத்தான வசவு தயாராக இருந்தது, மொத்த அரங்கத்துக்கும் கேட்கிற மாதிரி. எங்களுக்கு முன் வரிசையில் கல்லூரிப் பெண் ஒருத்தி எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. நான் மூச்சை இழுத்தேன். பாய் என் முழங்கால்மேல் கையை வைத்தார்.

“உடுங்க தலைவரே. அது இப்பதான் பாக்குது.”

நான் விட்டேன். திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் திரையைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார், அந்த முகத்தின் சந்தோஷத்துக்கு நான் உவமை தேடப்போவதில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போகும்வரை நாங்கள் இருவரும் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். துடைப்பத்தோடு வந்த அம்மாள்தான் எங்களை எழுப்பினாள். வெளியே வந்து அந்த முடிவைப் பற்றி நாற்பது நிமிஷம் திட்டினேன். பாய் தலையாட்டிக்கொண்டே டீ குடித்தார்.

அதற்குப் பிறகு ஒரே ஒரு ஆண்டு விழாவுக்குத்தான் அவர் இருந்தார். செவ்வாய்க்கிழமை மாலை அடக்கம் செய்துவிட்டு வந்தோம். நெஞ்சில் கைவைத்துக்கொண்டு ராணுவ நடையில் வந்த சொல்தா, பள்ளிவாசல் வாசலில் என்னிடம், “இனிமே எந்தப் பிரதியப் போடறது தலைவரே?” என்று கேட்டார். பதினோரு பேரும் கூடி முடிவெடுப்போம், சண்டையும் போடுவோம்.

நேசித்த படத்தைத் திரும்ப எடுக்கலாமா என்று கேட்டால், கூடாது என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். தலைவர் என்று ஒருவன் இருந்தால் கொள்கை வேண்டும். ஆனால் இப்போதெல்லாம் எந்தப் படத்துக்குப் போனாலும், முடிந்த பிறகு யாராவது எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்க்கிறேன். இருந்தால், அவர்கள் போகும்வரை நான் வாயைத் திறப்பதில்லை. என்னைத் தெரிந்த உங்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். ஜமால் பாயிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த இரண்டு நிமிஷ மௌனம்.